கடைசியில் வருகிறவரின் வேகம்

மருந்துச் சீட்டின் கடைசி வரியில் "தினமும் அரை மணி நேரம் நடக்கவும்" என்று எழுதியிருக்கும். பெங்களூரில் அல்சூர், ஜோகுபாளையா, மர்பி டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அப்படி ஒரு சீட்டு இல்லாத வீடு குறைவு. மேலே உள்ள மாத்திரைகளை மருந்துக்கடைக்காரர் எண்ணிக் கொடுத்துவிடுகிறார். கடைசி வரியை எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. எங்கே நடப்பது, எத்தனை மணிக்கு, யாருடன், நடுவழியில் சிறுநீர் முட்டினால் எங்கே போவது, தெருநாய் வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு தெருவே கூடிப் பதில் தேடிக்கொள்ளும்போதுதான் அந்த வரி வேலை செய்யத் தொடங்குகிறது. சமூக நடைக் குழு என்று நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

நான் பல ஆண்டுகள் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது தோழிகள் சிலருடன் சேர்ந்து அல்சூர் ஏரிக்கரையில் பெண்களுக்கான நடைக் குழு ஒன்றை நடத்துகிறேன். கூடும் இடம் திருவள்ளுவர் சிலை. 1991-இல் நிறுவப்பட்டு, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட அதே சிலைதான். இந்த வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். பெயர்ப்பலகை படிக்கத் தெரியாதவரும் தானாக வந்து சேரக்கூடிய ஓர் இடம் வேண்டும். நடைக் குழுவுக்கு முதல் தேவை அது.

ஆள் சேர்க்கப் போனால் முதலில் காதில் விழும் பதில் இதுதான்: "நாள் முழுக்க நடந்துகொண்டுதானே இருக்கிறேன், எனக்கு எதற்கு அக்கா தனியாக ஒரு நடை?" இதைச் சாக்கு என்று ஒதுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்திராநகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, துணி துவைத்துவிட்டு வருகிற பெண் அப்படிச் சொன்னால், அது முழு உண்மை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் இயக்கம் வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அந்தக் கணக்கில் வீட்டு வேலையும் கூலி வேலையும் சேரும். இந்தப் பெண் செவ்வாய்க்கிழமைக்குள்ளேயே அதைத் தாண்டிவிடுவார். அவரிடம் போய் இன்னும் நட என்று சொல்வது அநியாயம். அவருக்குக் குழுவில் கிடைக்க வேண்டியவை வேறு: ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்ல ஒருவர், குனிந்தே வேலை செய்த முதுகை நிமிர்த்தச் சில பயிற்சிகள், அவசரமில்லாத கொஞ்சம் பேச்சு.

அதே சந்தில் இன்னொரு பெண் இருக்கிறார். கார்மென்ட்ஸில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். மாலையில் கால் வீங்கி வீடு திரும்புகிறார். பிறகு அடுப்பின் முன் நிற்கிறார். உடம்பு களைத்துப்போகிறது, ஆனால் இதயமும் கெண்டைக்காலும் சரியாக உழைத்த நேரம் மிகக் குறைவு. மூன்றாவது பெண் சோமேஸ்வரர் கோயில் பக்கம் சம்மணமிட்டு உட்கார்ந்து பூ கட்டுகிறார். காலை முதல் இரவு வரை அதே இருப்பு, சர்க்கரை வேறு. இந்த இருவருக்கும் நடை நிஜமாகவே மருந்து. மூவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. மூவர் சீட்டிலும் அதே ஒற்றை வரி. எந்த உடம்புக்கு என்ன தேவை என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு நேரம் இல்லை. கூட நடக்கிற நமக்கு அந்த நேரம் இருக்கிறது.

2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை என்று லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் வெளியீடு ஒன்றில் 2024-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். அந்த இடைவெளியைச் சோம்பல் என்று விளக்குகிறவர்கள் ஒரு வாரம் எங்கள் குழுவுடன் வந்து பார்க்கட்டும். பெண்ணுக்கு நடக்க நேரம் விடுவது வீட்டார் கையில் இருக்கிறது, பாதை விடுவது ஊரார் கையில் இருக்கிறது.

நடப்பது நல்லது என்பதற்கு எண்ணிக்கையோடு கூடிய ஆதாரம் கிடைத்தது பஸ்ஸிலிருந்துதான். லண்டனின் மாடிப் பஸ்களில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களையும், மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களையும் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டார். 1953-இல் லான்செட்டில் முடிவுகள் வெளியாயின: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு; வந்தாலும் உயிரிழப்பு குறைவு. அவர் அதோடு நிற்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குச் சேர்கிறார்களோ என்ற ஐயத்தில், ஊழியர்களுக்குத் தைத்த சீருடைகளின் இடுப்பளவுகளைத் தேடிப் பிடித்தார். டிரைவர்களின் இடுப்பு இள வயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. தன் கண்டுபிடிப்பையே சந்தேகித்து, அதையும் 1956-இல் அச்சிட்டார். அந்த நேர்மையால்தான் பின்னால் வந்த ஆயிரக்கணக்கான ஆய்வுகளுக்கு ஒரு தடம் கிடைத்தது.

தனி நடைக்கும் கூட்டு நடைக்கும் வருவோம். நடைக் குழுக்களைப் பற்றிய 42 ஆய்வுகளை இங்கிலாந்தில் ஹான்சன், ஜோன்ஸ் என்ற இருவர் திரட்டி 2015-இல் வெளியிட்டார்கள். மொத்தம் 1,843 பேர். குழுவில் நடந்தவர்களின் மேல் ரத்த அழுத்தம், அதாவது 120/80 என்று எழுதும்போது முதலில் வரும் எண், சராசரியாக 3.7 புள்ளி இறங்கியிருந்தது. ஓய்வு நேர நாடித்துடிப்பும் உடல் கொழுப்பும் குறைந்திருந்தன. மனச்சோர்வின் அளவும் குறைந்திருந்தது. 3.7 என்று கேட்டால் பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குவார்கள். 61 ஆய்வுகளில் பத்து லட்சம் பேரை அலசிய 2002-ஆம் ஆண்டு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நடுவயதில் மேல் அழுத்தம் வழக்கமாக 2 புள்ளி குறைவாக இருந்தாலே பக்கவாதத்தால் சாவது ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். ஒரு தெருவில் எல்லோருக்கும் மூன்று, நான்கு புள்ளி இறங்கினால், வாய் கோணிக் கை விழுந்து படுக்கையில் கிடக்கப்போகிற யாரோ ஒருவர் கிடக்கமாட்டார். அவர் யார் என்று நமக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சர்க்கரை விஷயத்தில் நேரம் முக்கியம். நடக்கும்போது சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பின் நடந்தால் அதன் பலன் நேரடியாகத் தெரியும். சர்க்கரை வரும் அபாயத்தில் இருந்த முதியவர்களிடம் 2013-இல் ஓர் ஆய்வு நடந்தது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தவர்களுக்கு இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. ஒரே மூச்சில் 45 நிமிடம் நடந்தும் அது அந்த அளவுக்குக் கட்டுப்படவில்லை. இதைப் படித்துவிட்டு எங்கள் பெண்களிடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சந்துக்குள்ளேயே நடக்கலாம் என்றேன். ஒருவர் கேட்டார்: "எல்லோரும் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பால் உறை ஊற்றி முடிக்கும்போது பத்தரை. அப்போது எங்கே நடப்பது?" அவருக்கு இனி நான் சொல்லக்கூடிய மருத்துவ ஆலோசனை ஒன்றுதான்: வீட்டில் எல்லோருடனும் சேர்ந்து எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள், பாத்திரத்தை வீட்டு ஆண்கள் கழுவட்டும். சில வீடுகளில் இது நடக்கிறது. நடக்காத வீட்டு ஆண்களோடு நேரில் பேசவும் நாங்கள் தயங்குவதில்லை.

சென்னையில் நடந்த ஒன்றைத் தமிழர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திருமங்கலம் ஆசியாட் காலனியில் டாக்டர் வி. மோகனின் குழு சர்க்கரை நோய் பற்றி ஆய்வு செய்து, அங்கேயே விழிப்புணர்வுக் கூட்டங்களும் நடத்தியது. கூட்டத்துக்கு வந்த குடியிருப்போர் கைதட்டிவிட்டுக் கலையவில்லை. நடக்க இடம் இல்லை என்பதை உணர்ந்து, தங்கள் சொந்தப் பணத்தில் பூங்கா ஒன்றை அமைத்தார்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு நூற்றுக்கு 14 பேர்; பிறகு நூற்றுக்கு 59 பேர் அளவுக்கு உயர்ந்தது. 2006-இல் வெளியான அந்தக் கட்டுரையை இப்போதும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன். பேச்சால் மட்டும் இப்படி ஒரு மாற்றம் வந்திருக்காது. பாதை போட்டதும் கால் வந்தது. ஆனால் அது நடுத்தர வருமானக் குடியிருப்பு. சந்தா கொடுக்கப் பணமும், பூங்காவுக்கு இடமும் இருந்தன. மர்பி டவுன் சந்தில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். எங்களுக்குப் பொது இடம்தான் பூங்கா. பொது இடத்தைக் கேட்டு வாங்குவதுதான் எங்கள் சந்தா.

தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பர் 4 அன்று "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை. அமைச்சராக இருந்து அதை முன்னெடுத்த மா. சுப்பிரமணியன் தானே மாரத்தான் ஓடுகிறவர் என்பதால் அதில் ஓர் உயிர் இருந்தது. அரசே ஒரு பாதையைக் காட்டி "இது நடப்பதற்கு" என்று அறிவிப்பது பெரிய காரியம். கர்நாடகத்திலும் அது வர வேண்டும் என்று விரும்புகிறேன். 8 கிலோமீட்டர் என்ற அளவோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஏறக்குறைய 10,000 காலடி அது. அந்த 10,000 மருத்துவமனையில் பிறந்த எண் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், யமசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியோடு பரவியது. 15 ஆய்வுகளில் ஏறக்குறைய 47,000 பேரைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த முடிவு: அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே ஆயுள் பலன் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. சராசரி வயது 72 ஆன பெண்களிடம் ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் நடத்திய 2019-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் ஆறுதலானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. மூட்டு வலியோடு சிலைப் பக்கம் வந்து நிற்கும் ஒரு பாட்டியிடம் 10,000 என்று சொன்னால் மறுநாள் வரமாட்டார். "நேற்றைவிடப் பத்து நிமிடம் கூடுதல்" என்று சொன்னால் வருவார்.

மூட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் தொழில் வாழ்க்கையில் நான் அதிகம் மல்லுக்கட்டியது இதோடுதான். "தேய்மானம் என்று படத்தில் தெரிந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேய்ந்துபோகும்" என்று பயந்து உட்கார்ந்தே இருக்கிறவர்கள் ஏராளம். குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல, அழுந்தி விடுபடும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அது சத்தை எடுத்துக்கொள்கிறது. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்து, மூட்டின் மேல் சுமை கூடும். சமதரையில் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். வலி அன்று இரவுக்குள் தணிந்துவிட்டால் சரி. மறுநாளும் நீடித்தால் நடையைக் குறைக்க வேண்டும். மூட்டு சூடாகி வீங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் இன்னும் பெரிய விஷயம். உணர்வு குறைந்த பாதத்தில் கல் குத்தினாலும் தெரியாது. கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதும் நடைதான் என்று நான் மனமாரச் சொல்வேன். ஆனால் வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு கருங்கல்லில் சுற்றக் கூடாது. பாதம் மரத்துப்போனவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் அடித்தளம் வைத்த செருப்பு, வாங்கச் சொல்கிறோம். நடந்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது குழுவின் வழக்கம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் வரக் கூடாது. முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொண்டு வர வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் முதலில் மிட்டாய், பிறகுதான் கேள்வி.

எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு காலடி. எங்கள் பெண்கள் பேச்சை நிறுத்துவதே இல்லை என்பதால் இந்தச் சோதனை தானாக நடந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் 1990-களின் நடுவில் வில்லியம் பேர்ட் என்ற குடும்ப மருத்துவர் சானிங் காமன் என்ற கிராமத்தில் தன் நோயாளிகளுக்காக நடைகளைத் தொடங்கினார். அது நாடு முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் டேவிட் சப்கிர் என்ற இதய மருத்துவர், நடக்கச் சொல்லியும் நடக்காத நோயாளிகளைப் பார்த்துச் சலித்து, 2005-இல் தானே பூங்காவுக்கு வந்து நின்று அவர்களை அழைத்தார். அந்த ஏற்பாடும் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. இங்கிலாந்துக் குழுக்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. முன்னால் ஒருவர் வழி காட்டுவார். பயிற்சி பெற்ற இன்னொருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். பின்னால் வருகிறவரைத் தாண்டிப் பின்தங்க யாருக்கும் அனுமதி இல்லை. அதாவது யாரும் தனியாக விடப்படுவதில்லை. குழுவின் மிக முக்கியமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அந்த வேலையைப் பொறுமைசாலிக்குத்தான் கொடுக்கிறோம். இப்போது அதைச் செய்கிறவர் அந்தப் பூக்கார அக்கா. வியாபாரத்தில் ஆட்களைப் பார்த்துப் பழகிய கண். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நேரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. பெங்களூரின் மாநகராட்சிப் பூங்காக்கள் முன்பெல்லாம் காலை 10 மணிக்கு மூடிப் பிற்பகலில்தான் திறக்கும். 2024 ஜூனில் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்க அனுமதி வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முதல் சுற்று வேலை முடித்துவிட்டு வரும் பெண்ணுக்குப் பதினொரு மணிதான் விடியற்காலை. அந்த மூடிய கதவு எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கதவு திறந்தாலும் கதவு வரை வர வேண்டுமே. நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. தடையில்லாத நடைபாதை, வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்தார்கள். பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் என்ற சாலைச் சீரமைப்புத் திட்டத்தில் செய்த ரெசிடென்சி சாலை போன்ற இடங்களில் அகலமான நடைபாதையைப் பார்க்கும்போது, இந்த ஊருக்குச் செய்யத் தெரியும் என்பது புரிகிறது. அலுவலகங்களும் பெரிய கடைகளும் உள்ள சாலைகளோடு அது நிற்பதுதான் வேதனை.

ஜோகுபாளையாவிலிருந்து ஏரிக்கு வருகிறவர்கள் பழைய மெட்ராஸ் சாலையைக் கடக்க வேண்டும். பாதசாரிகளுக்குப் பச்சை விளக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பொறியாளர்கள் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிடுவார்கள். மூட்டு வலியுள்ள முதியவர் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே அதிகம். 20 மீட்டர் அகலமுள்ள சாலையில் முதல் கணக்குப்படி 17 நொடி. இரண்டாவதன்படி 25 நொடி. அந்த எட்டு நொடிக்குள்தான் வண்டிகள் உறுமத் தொடங்குகின்றன. இதைக் குழுப் பெண்களே கையில் கைபேசியோடு நின்று, எங்களில் மிக மெதுவாக நடப்பவர் கடக்கும் நேரத்தை அளந்து, மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூடவே அதிகாலையில் திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் கேட்டிருக்கிறோம். முதல் முறை கொடுத்த மனு காணாமல் போய்விட்டது என்றார்கள். மறுபடி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வந்தோம்.

உங்கள் தெருமுனையிலும் அளந்து பாருங்கள். சாலையின் அகலம், பச்சை எரியும் நேரம், உங்கள் வீட்டில் மிக மெதுவாக நடப்பவருக்கு ஆகும் நேரம்: இந்த மூன்று எண்கள் போதும். எங்கள் மனுவின் வாசகம் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கிறது, வேண்டுகிறவர்களுக்கு அனுப்புகிறேன்.